கோடு விழுந்த ஊசி

அந்த அக்காவுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தால்கூட, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள். நான் கல்யாணமாகி மணிமங்கலத்திலிருந்து மண்ணூர்ப் பக்கத்துக்கு வந்த நாலாவது நாள். பக்கத்து வீட்டுக்காரி ஆயிற்றே என்று எலுமிச்சம்பழம் பிழிந்து, வெல்லம் தட்டிப் போட்டு, தம்ளர் வழிய வழிய எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். அவள் தம்ளரை வாங்கி, மேலே தூக்கி, அடிப்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு சாய்த்து உள்ளே பார்த்தாள்.

"அடில இன்னாமோ கீதே?"

"கொட்டைக்கா."

"கொட்ட தெரிது. கொட்டைக்குக் கீய இன்னா?"

"வெல்லத்துல இருந்த மண்ணா இருக்கும்."

"தெரிஞ்சேதான் குடுத்தியா?" என்றாள்.

வீட்டுக்கு வந்து அழுதேன். என் மாமியாருக்கு ஒரே சந்தோசம். பக்கத்து வீட்டுக்காரியைத் திட்ட இனிமேல் தனக்கு ஒரு துணை கிடைத்துவிட்டது பாருங்கள். "அவ கதையே அதான்டி. கோயில்ல பாவமன்னிப்புக்குப் போனாக்கூட, சாமியாரு காது சுத்தமா கீதானு பார்த்துட்டுத்தான் பாவத்தச் சொல்லுவா" என்றாள். அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். என் மாமியாரிடம் அது ஒன்று உண்டு. கெட்டது செய்வாள், ஆனால் சிரிக்கவைத்துக்கொண்டே செய்வாள்.

அந்த அக்காவின் பேரை நான் சொல்லப்போவதில்லை. அவளுடைய மகள் வயிற்றுப் பேரன் ஒருத்தன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். என்னை வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போகிறான். அவனிடம் எனக்குக் கெட்ட பேர் வேண்டாம். அப்போது ஊரில் அவளை ஊசிக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டு வெளியூர்க்காரன் ஒருத்தன் காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து ஊசி போடச் சொல்லி நின்றான். அவள் பிள்ளையை நாக்கை நீட்டச் சொல்லி வெயிலில் திருப்பிப் பார்த்தாளாம். "பஸ்ஸு புடிச்சி ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கு இட்னு போய்யா. இங்க இஞ்சினுக்குத்தான் வைத்தியம்" என்றாளாம்.

இஞ்சினுக்கு ஏது ஊசி என்பீர்கள். லாரியோ, கழனியில் தண்ணீர் இறைக்கிற ஆயில் இஞ்சினோ, டீசலில் ஓடுவது எதுவானாலும் உள்ளே டீசலைப் பீச்சுகிற சாமான் ஒன்று உண்டு. அதன் நுனியில் சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு துண்டு, அதை நாசில் என்பார்கள். அந்த நாசிலுக்குள் ஒரு இரும்பு ஊசி ஓடும். இரண்டும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்த ஜோடி. இந்த நாசிலின் ஊசி அந்த நாசிலுக்குச் சேராது. அதில் கரி பிடித்துவிட்டால் டீசல் பொடிப்பொடியாகப் போகாமல் சொட்டும். இஞ்சின் கறுப்பாகப் புகை விடும், இருமும், கடைசியில் படுத்துக்கொள்ளும். கரியை எடுத்துச் சுத்தம் செய்து கொடுப்பது அவள் வேலை. கடை இல்லை, போர்டு இல்லை. வீட்டில், அடுப்படிக்குப் பக்கத்து அறையில்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. வந்த புதிதில் கண்ணுக்குத் தெரிந்தது என்ன? தாலி இல்லாத பெண்பிள்ளை. மகளைக் கன்னியாஸ்திரிகளின் ஹாஸ்டலில் விட்டுவிட்டு ஒண்டியாக இருக்கிறாள். வாரத்துக்கு இரண்டு மூன்று லாரி வாசலில் நிற்கிறது. டிரைவர் இறங்கி, துணியில் சுற்றிய எதையோ கொண்டுவந்து தருகிறான். இவள் வாங்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்துகிறாள். பட்டப்பகலில் ஜன்னலையும் சாத்துகிறாள். சாத்தின ஜன்னல்மேல் ஈரப்புடவை ஒன்றைத் தொங்கவிடுகிறாள். டிரைவரோ எதிரே புளியமரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

என் மாமியாருக்கு அதுதான் பெரிய இம்சை. "ரெண்டு பேரும் உள்ள போனாலும் ஒரு கத சொல்லலாம். அவன் வெளிய கீறான், இவ உள்ள கீறா. அப்போ உள்ள இன்னாதான்டி நடக்குது?"

அந்தச் சமயம் பார்த்து எங்கள் சிவப்புக் கோழியின் வால் இறகு நாலைந்து காணாமல் போயிற்று. கோழி இருக்கிறது, வால் இல்லை. மாமியார் என்னைப் பார்த்தாள், நான் மாமியாரைப் பார்த்தேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே மண்சுவர், ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு சாண் சந்து. மாமியார் நெற்குதிரைப் பிடித்துக்கொள்ள, நான் அதன்மேல் ஏறி எட்டிப் பார்த்தேன்.

தரையெல்லாம் தண்ணீர் தெளித்திருந்தது. நாலு பீங்கான் தட்டு. ஒவ்வொன்றிலும் கறுப்பாக ஏதோ தண்ணீர், அதற்குள் ஒரு ஊசி. தலைமுடியைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு அந்த அக்கா மாதா படத்துக்குக் கீழே, நடுவில் உட்கார்ந்திருந்தாள். கையில் எங்கள் கோழியின் இறகு. அதைத் தோய்த்துத் தோய்த்து ஊசியைத் தடவுகிறாள். உதடு மட்டும் முணுமுணு என்று அசைகிறது.

குதிரிலிருந்து நான் இறங்கவில்லை, விழுந்தேன். நான் சொன்னதைக் கேட்டு என் மாமியார் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "மாதா படத்துக்குக் கீயவே உக்காந்து பில்லி சூனியம் பண்றாளா? இவள மாதாவும் கேக்கல, மாரியாத்தாளும் கேக்கல பாரு!" அன்றைக்கே எங்கள் வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின.

இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. துணியால் துடைத்தால் நூல் ஒட்டும், இறகில் நூல் இல்லை. ரோட்டுப் புழுதி பறந்து வந்து விழக்கூடாதென்றுதான் கதவு, ஜன்னல், ஈரப்புடவை எல்லாம். முணுமுணுத்தது எத்தனை தடவை அலசினோம் என்கிற கணக்கு. கோழிதான் அவள் வீட்டுப் பரணில் ஏறி முட்டையிட இடம் தேடி, வாலைத் தேய்த்து இறகைக் கொட்டிவிட்டு வந்திருக்கிறது.

அவள் எதையும் நம்பமாட்டாள். ரேஷனில் மண்ணெண்ணெய் ஊற்றும்போது கடைக்காரன் எதிரிலேயே ஒரு சொட்டு கையில் விட்டுத் தேய்த்து முகர்ந்து பார்ப்பாள். "தண்ணி கலந்துகினு கீதுய்யா" என்பாள். "இந்தம்மாக்கு வேற வேல இல்ல" என்று அவன் கத்துவான். அவள் பாட்டுக்குப் பாட்டிலைக் கொண்டுவந்து ஜன்னல் மாடத்தில் மூன்று நாள் அசைக்காமல் வைப்பாள். அடியில் முத்து மாதிரி தண்ணீர் தனியாக உருண்டு நிற்கும். அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பப் போவாள் பாருங்கள், அப்போது அவள் நடையே வேறு.

ஒரு டிரைவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், நல்ல வாய்க்காரன். "எக்கா, நான் டீசலை வேட்டியில வடிகட்டித்தான் ஊத்துதேன். ஒரு தூசி இருக்காது" என்று சத்தியம் செய்தான். அவள் உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் வந்து உள்ளங்கையை நீட்டினாள். மயிரிழை மாதிரி ஒரு வெள்ளை நூல்.

"வேட்டிக்குக் கரை இன்னா கலரு?"

"பச்சைக்கா."

"அப்போ இது நடுவுல கீற நூலு. கரைப்பக்கமா வடிகட்டியிருந்தா பச்சையா வந்திருக்கும். போய் வேற வேட்டி வாங்கு, இது நைஞ்சிபூட்டுது."

அவன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவள் அடிக்கடி சொல்வது ஒன்றுதான். "அயுக்கு கண்ணுக்குத் தெரிஞ்சா பயமில்ல பொண்ணே. பளிச்சினு கீது பாரு, அதுங்கிட்டதான் உசாரா இருக்கணும்."

என் மூத்தவன் வயிற்றில் ஐந்து மாசமாக இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். சொர்ணவாரிப் பட்டம், கோடையில் போடுகிற நெல். ஏரியில் தண்ணீர் இல்லை, எங்கள் கிணறுதான் கதி. நெல் கதிர் வெளியே வந்து பால் பிடிக்கிற நேரம், அப்போது தண்ணீர் இல்லாவிட்டால் எல்லாம் பதர். அந்த நேரத்தில் எங்கள் ஆயில் இஞ்சின் இரண்டு நாள் கறுப்பாகப் புகை விட்டு நின்றுபோயிற்று.

என் வீட்டுக்காரர் நாசிலைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அப்படியே முழுசாகக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கலாம். ஆம்பிளை அல்லவா, பிரித்துப் பார்க்காமல் இருக்க முடியுமா? பிரித்தார், ஊசி நழுவி வந்தது, பார்த்தார், ஒன்றும் புரியவில்லை. ஒரு கிண்ணத்து மண்ணெண்ணெயில் இரண்டையும் போட்டுவிட்டுக் கை கழுவப் போனார்.

மாமியார் என் காதில் வந்து சொன்னாள். "இது ஒரிஜினல் கம்பெனி ஊசி. அவ இத எடுத்துகினு லாரிக்காரன் வுட்ட தேஞ்சத நம்ம தலைல கட்டிருவா. போன மாசம் மேட்டுத்தெருக்காரன் இஞ்சினு அவ கை பட்டப்பறம்தான் பொகஞ்சிதாம். ஒரு அடையாளம் போட்டு வை."

"வெளிப்பக்கமா போடட்டா அத்த?"

"வெளிய போட்டா அவ கண்ணுல படாதா? உள்ள கீற ஊசியத்தான மாத்துவா? ஊசில போடு."

எங்களில் யாருக்கும் எழுத்து தெரியாது. மற்ற வீடுகளில் பாத்திரத்தில் பேர் வெட்டுவார்கள். எங்கள் வீட்டில் எல்லாப் பாத்திரத்துக்கும் அடியில் மூன்று கோடு. கல்யாண வீட்டுக்குப் போன அண்டா, சாவு வீட்டுக்குப் போன சொம்பு எல்லாம் அந்த மூன்று கோட்டை வைத்துத்தான் வீடு திரும்பும். நான் அரிவாள் தீட்டுகிற சாணைக்கல்லை எடுத்து, அதன் ஓரத்தில் ஊசியை வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று இழுத்தேன். கிறீச் என்றது. லேசாக வெள்ளைக்கோடு விழுந்தது. அழகாகத்தான் இருந்தது. எடுத்துக் கிண்ணத்தில் போட்டுவிட்டேன்.

வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு போனார், நானும் பின்னாலேயே போனேன். அந்த அக்கா கிண்ணத்தை வாங்கி, இறகின் காம்பால் ஊசியைத் தூக்கி, வாசலுக்கு வந்து சூரியனுக்கு நேராகப் பிடித்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"இத யாரு தொட்டது?"

"நான்தான் கயட்டனேன்" என்றார் இவர்.

"நீதானா?" அவரைக் கேட்டாள், பார்த்தது என்னை. நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்தேன். "சரி. நாளைக்குக் காலைல வா" என்றாள்.

காலையில் பூட்டிக் கொடுத்ததைக் கொண்டுபோய் மாட்டினார். ஹேண்டிலை நாலு சுற்றுச் சுற்றினதும் இஞ்சின் பிடித்துக்கொண்டது. டுக் டுக் டுக் என்று சும்மா கல்யாண மேளம் மாதிரி. புகையே இல்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்து இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், கழனியில், ஆட்கள் எதிரில். எனக்கு வந்த வெட்கத்தை என்னவென்று சொல்ல.

மாமியாருக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. "இவ்ளோ நல்லா எப்புட்றா ஓடுது? நம்ம ஊசி இப்பிடி என்னிக்கி ஓடிச்சி? தெறந்து பாரு." இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். தாய் பட்டினி கிடந்தால் மகன் என்ன செய்வார்? மூன்றாம் நாள் உச்சி வெயிலில் இஞ்சினை நிறுத்தி, நாசிலைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தார்.

ஊசி கண்ணாடி மாதிரி இருந்தது. கோடு இல்லை.

என் மாமியார் போட்ட கூச்சலுக்கு நாலு தெரு கூடிவிட்டது. "திருடி! நான் சொன்னேன் இல்ல? ஊசிய மாத்திட்டாளே! வெள்ளப்புடவ கட்டிகினு ஊர ஏமாத்தறாளே!" எனக்கும் வயிறு எரிந்தது. நம்ம ஊசிதானே, நான் கோடு போட்ட ஊசிதானே, அது எங்கே போயிற்று?

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அந்த அக்கா ஒரு கிண்ணத்தோடு வந்தாள். கிண்ணத்திலிருந்து எங்கள் ஊசியை எடுத்து, எங்கள் நாசிலில் பாதி நுழைத்து, செங்குத்தாகப் பிடித்தாள். ஊசி நடுவிலேயே முட்டிக்கொண்டு நின்றது. என் வீட்டுக்காரர் கையிலிருந்த ஜோடியை வாங்கினாள். அலசி, அதே மாதிரி பாதி நுழைத்துப் பிடித்தாள். அது தன்பாட்டுக்கு, யாரும் தொடாமல், தண்ணீரில் கல் இறங்குகிற மாதிரி மெதுவாக இறங்கி உட்கார்ந்தது.

"இப்பிடி எறங்குனாதான் ஊசி. உங்க ஊசில யாரோ கல்ல வெச்சி இயுத்துகீறாங்க. அது செத்துப்போச்சி. கய்னி காயுதேனு என் வூட்டுக்காரரு வெச்சிட்டுப்போன புது ஜோடியப் போட்டேன். இத வெச்சிகினுதான் ஊர்ல கீற ஊசிங்க எப்பிடி எறங்குதுனு அளவு பார்த்துகினு இருந்தேன். உங்களுது உங்களுக்கு, என்னுது எனக்கு."

தன் ஜோடியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

மூன்று கோடு. ஒரு மயிரிழை இடம்கூட இல்லாமல் செய்த சாமானில், அண்டாவுக்குப் போடுகிற மாதிரி மூன்று கோடு.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம், திறக்கவில்லை. வீட்டுக்காரர் புது நாசிலுக்காக பஸ் பிடித்து மெட்ராஸ் போனார், இந்த ரகம் வர ஒரு மாசமாவது ஆகும் என்று கடையில் சொல்லி அனுப்பினார்கள். நெல் இலை சுருட்டிக்கொள்ள ஆரம்பித்தது. என் மாமியார் அதற்குள் கதையைத் திருப்பிவிட்டாள். "அவளே கோடு போட்டுட்டு நம்ம மேல சொல்றா. மாத்தினது மாத்தினதுதான?" ஊர் அதை நம்பியது. ஏன் நம்பாது? கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்கிறவளை யார்தான் நம்புவார்கள்?

இரண்டாம் நாள் காலையில் அவள் வாசலில் மூன்று குடியானவர்கள் நின்றார்கள். சுத்தம் செய்யக் கொடுத்ததைச் சுத்தம் செய்யாமலே திருப்பிக் கேட்டு. அவள் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, "உன்னுதா பாரு. நல்லா பாரு. அப்பறம் வந்து நிக்காத" என்று கொடுத்துக்கொண்டிருந்தாள். எதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் அவள் கொடுத்து நான் பார்த்ததே கிடையாது. வேலை போய்விட்டால் ஹாஸ்டலில் இருக்கிற மகளுக்கு என்ன செய்வாள்? நான் எங்கள் வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தேன். பக்கெட்டைக் கீழே வைத்தேன்.

"அந்தக் கோடு நான் போட்டது!" என்று கத்தினேன்.

தெருவே திரும்பிப் பார்த்தது. மாமியார் உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "புள்ளத்தாச்சி, மசக்கைல ஒளறா. நீங்க போங்கய்யா."

"அஞ்சு மாசத்துல இன்னா அத்த மசக்க? அடையாளம் போடுன்னு நீதான சொன்ன? சாணக்கல்லுல நான்தான மூணு இயுப்பு இயுத்தேன்?"

"நான் ஒரு அடையாளம்னுதான்டி சொன்னேன்! மூணு இயுத்தது நீ!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று மாமியாருக்கே புரிந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நாசிலைத் திரும்ப வாங்க வந்த மூன்று பேரில் ஒருத்தர் முதலில் சிரித்தார், பிறகு தெருவே சிரித்தது. என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார், இன்றைக்கு அடி உண்டு என்று நினைத்தேன். அவர் தன் அம்மாவைப் பார்த்தார். பிறகு திண்டாடிப்போய், மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு அந்த அக்கா வாசலுக்குப் போய் நின்றார்.

"யக்கா, தப்பு நடந்துபோச்சி."

அவள் அவரைத் தாண்டி என்னிடம் வந்தாள். "நீதான்னு அன்னிக்கே தெரியும். உங்க வூட்டுத் தம்ளருக்கு அடில பார்த்துகினுதான கீறேன், மூணு கோடு."

"அப்போ ஏங்கா சொல்லல?"

"சொன்னா உன்ன அடிச்சிருவாங்கனு நெனச்சேன். ஒண்ணும் தெரியாத பொண்ணு, தானா வெளையாடிகீதுனு நெனச்சேன்." என் மாமியார் பக்கம் கையைக் காட்டினாள். "உங்க அத்த சொல்லிதான் பண்ணன்னு எனக்குத் தோணவே இல்ல பாரு. ஊரையே சந்தேகப்பட்டேன், பக்கத்து வூட்ட வுட்டுட்டேன்."

அவளுக்கு அதுதான் பெரிய வருத்தம். திருடி என்று சொன்னதுகூட அவ்வளவு உறைக்கவில்லை போலிருந்தது. நாசிலைத் திரும்ப வாங்கின மூன்று பேரும் தலையைச் சொறிந்துகொண்டு திரும்ப நீட்டினார்கள். "வெச்சிட்டுப் போங்க. போறதுக்கு முன்ன எல்லாரும் அவங்க அவங்க ஊசியப் பார்த்துட்டுப் போங்க" என்றாள். அன்று முதல் அதுதான் அவள் வழக்கம். யார் எதைக் கொண்டுவந்தாலும் அவர்கள் கண்ணெதிரில் ஊசியை எடுத்துக் காட்டிவிட்டுத்தான் வாங்கிக்கொள்வாள்.

எங்களுக்குத் தன் ஜோடியைக் கொடுத்தாள். கொடுத்தாள் என்றால் கையில் கொடுக்கவில்லை. தானே கழனிக்கு வந்தாள். இஞ்சினில் மாட்டுவதற்கு முன்னால் குழாயோடு வெளியே பூட்டி, என் வீட்டுக்காரரை ஹேண்டில் சுற்றச் சொன்னாள். நாசில் வாயிலிருந்து டீசல் புஸ், புஸ் என்று பனி மாதிரி வந்தது. அத்தனை மெல்லிசு. வெயிலில் அதற்குள் வானவில் தெரிந்தது. நான் அதைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன்.

"கைய எடு!"

அப்படி ஒரு அலறல். என் கையைத் தட்டிவிட்ட தட்டில் வளையல் இரண்டு உடைந்து விழுந்தது. அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. கிணற்று மேட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"அவரு இப்பிடித்தான் வெரல வெச்சாரு" என்றாள். அவளுடைய புருசனைச் சொல்கிறாள், அவர் லாரி ஷெட்டில் பிட்டர். "முள்ளு குத்தன மாதிரி ஒரு புள்ளி. ரத்தம்கூட வர்ல. இங்க பாரு, ஒண்ணுமே இல்லனு வெரலக் காட்னாரு. நானும் பார்த்தேன், பளிச்சினு இருந்துச்சி. நம்பிட்டேன். தோலுக்கு உள்ள பூந்துபோச்சி டீசலு. மறுநாளு கை வீங்கிச்சி. அப்பறம் கறுத்துச்சி. ஆஸ்பத்திரிக்கு இட்னு போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிது."

நான் உடைந்த வளையலைப் பொறுக்கிக்கொண்டே இருந்தேன். அவளை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. என் வீட்டுக்காரர் ஹேண்டிலைப் பிடித்தபடியே நின்றார். அவளே எழுந்து, நாசிலை மாட்டி, "சுத்துய்யா, நெல்லு காத்துகினு கீது" என்றாள். இஞ்சின் பிடித்தது. தண்ணீர் வந்தது.

கடனாகத்தான் கொடுத்திருக்கிறேன், அறுப்பு முடிந்ததும் திருப்பித் தரவேண்டும் என்று அவள் கண்டிசன் போட்டாள். அதோடு விட்டாளா? ஞாயிற்றுக்கிழமை தோறும் பூசை முடிந்து, கோயில் புடவையோடு நேராக எங்கள் கழனிக்கு வருவாள். இஞ்சினை நிறுத்தச் சொல்வாள். பிரித்துத் தன் ஊசிதானா என்று பார்ப்பாள். திரும்பப் பூட்டிவிட்டுப் போவாள். என் மாமியாருக்குக் கோபம் வந்ததே பார்க்கவேண்டும். "பார்த்தியாடி? நம்ம மேல நம்பிக்க இல்ல அவளுக்கு! நாம இன்னா ஊசிய மாத்திருவமா?" நான் சிரிப்பை அடக்கப் புடவையை வாயில் திணித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தச் சொர்ணவாரியில் கொஞ்சம் பதர் விழுந்தது, இரண்டு நாள் காய்ந்த ஓரத்தில். மற்றதெல்லாம் நல்ல விளைச்சல். களத்தில் நெல் குவித்த அன்றைக்கே அவள் வந்தாள். தன் ஜோடியைக் கழற்றி, மண்ணெண்ணெயில் அலசி, பாதி நுழைத்து, இறங்குகிறதா என்று ஒரு தரம் பார்த்து எடுத்துக்கொண்டாள். மெட்ராஸிலிருந்து வந்த புது நாசில் எங்கள் இஞ்சினுக்கு ஏறியது.

மாமியார் அவளுக்கென்று ஒரு மூட்டை நெல் தனியாக எடுத்து வைத்திருந்தாள். நான் சொல்லவில்லை, வீட்டுக்காரரும் சொல்லவில்லை, அவளாகவே. இரண்டு தரம் தூற்றி, கல் பொறுக்கி, தன் கையாலேயே கோணிக்குள் அள்ளிப் போட்டுக் கட்டியிருந்தாள். அதை இழுத்துவந்து அந்த அக்காவின் முன்னால் வைத்து, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "எத்துகினு போ" என்றாள். என் மாமியார் வாயிலிருந்து மன்னிப்பு என்று ஒன்று வரும் என்றால் அது அவ்வளவுதான்.

அந்த அக்கா மூட்டையைப் பார்த்தாள். உட்கார்ந்து கட்டை அவிழ்த்தாள். மேலே இருந்த நெல்லை ஒதுக்கிவிட்டுக் கையை உள்ளே விட்டாள். முழங்கை போயிற்று, அதற்கு மேலும் போயிற்று, கன்னம் கோணியில் படுகிற வரைக்கும் போயிற்று. அடியிலிருந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்து, ஊதி, நாலு நெல்லை வாயில் போட்டுக் கடித்தாள்.

என் மாமியார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "இன்னாம்மே, எப்பிடி கீது?"

"நெல்லு நல்லாத்தான் கீது" என்றாள் அந்த அக்கா, மென்றுகொண்டே. "நல்லா தூத்திகீற."

என் மாமியார் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கோணியைக் கட்டக் கயிற்றை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.

"இரு, இரு" என்று அந்த அக்கா அவள் கையைத் தள்ளிவிட்டு, இன்னொரு பிடி எடுத்தாள். இந்தத் தடவை நடுவிலிருந்து.